ஒன்று வைத்தார், மூன்று வந்தது

“மூணு பேர்ல யார் கை வைச்சதுன்னு இப்பவே தெரிஞ்சாகணும்!”

வெர்ன் போட்ட சத்தத்தில் அமெரிக்காவின் மொன்டானா மாநில மான்களில் பாதி கனடாவுக்குள் ஓடியிருக்கும். இருபது சூதாட்ட எந்திரங்களும் ஓயாத பர்கர் புகையும் உள்ள அவருடைய கடையில், கல்லாவைப் பார்க்கும் ரோண்டா, எந்திரங்களைப் பார்க்கும் டுவெய்ன், பரிமாறும் மார்லிஸ் மூவரும் சுவரோடு சுவராக நின்றார்கள்.

சூதாட்ட உரிமத் துறையிலிருந்து வந்திருந்த ஓப்பல் அம்மாள் மட்டும் அசராமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்ச பணத்துக்கு எந்திரம் அச்சடிச்சுத் தர்ற சீட்டை அங்கேயே மறந்துட்டுப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள அது மாயமாயிடுதுன்னு உங்க கடை மேல புகார். அதான் காலைல நானே ஆட வந்த மாதிரி வந்து, ஒரு சீட்டை வேணும்னே விட்டுட்டுப் போனேன். மறந்துபோன சீட்டுகளைப் போட்டு வைக்கிற பெட்டிக்கு அது வந்திருந்தா உங்க உரிமம் பிழைக்கும். வரலைன்னா நாளைக்கே கடைக்குப் பூட்டு.”

“கேட்டீங்களா? பதினெட்டு வருஷமா ரத்தம் சுண்ட உழைச்சு வளர்த்த கடை! டுவெய்ன், உன் முழியே சரியில்ல.”

“பொறந்ததுலேர்ந்தே இந்த முழிதான் முதலாளி.”

“வாயை மூடு! மேடம், பெட்டியைத் திறங்க.”

ஓப்பல் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“நான் வைச்சது ஒண்ணு. இங்க மூணு இருக்கு.”

வெர்ன் அசந்து நின்றது அரை விநாடிதான்.

“பார்த்தீங்களா! மூணுமே திருட்டுக் கை! இத்தனை நாள் அமுக்கினதைப் பயந்துபோய்க் கொட்டியிருக்குங்க. மூணு பேரும் இப்பவே வெளிய நடங்க!”

“நான் ஒண்ணுதான் போட்டேன்” என்றாள் மார்லிஸ்.

“நானும் ஒண்ணுதான்” என்றான் டுவெய்ன்.

ரோண்டா தலையில் கை வைத்தாள். “அடக் கடவுளே, நீங்களுமா?”

ஓப்பல் சீட்டுகளை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

“மூணுமே பதினோரு மணிக்கு மேல அச்சானது. சொந்தப் பணத்தைப் போட்டு, ஆடாமலே பொத்தானை அமுக்கி எடுத்திருக்காங்க. நான் வைச்சது இதுல இல்ல. பத்தே முக்காலுக்கே யாரோ அதைக் காசாக்கிட்டாங்க.”

“நான்தான் மேடம், எழுதிக்குங்க” என்றாள் ரோண்டா அவசரமாக.

“இல்ல, நான்” என்றாள் மார்லிஸ்.

“ரெண்டும் பொய். என் முழியைப் பாருங்க, நான்தான்” என்றான் டுவெய்ன்.

“அப்போ மூணு பேரையும் ஜெயிலுக்கு அனுப்புங்க!” என்று குதித்தார் வெர்ன்.

“உங்க கடைக் காமிரா வேற சொல்லுதே” என்று ஓப்பல் தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினார்.

அதில், சீட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு அதைக் காசாக்கிக்கொண்டிருந்தவர் வெர்ன்.

“இஸ்திரி போட்ட சட்டையோட இந்த ஊர்ல யாரு ஆட வர்றா? மேடம் யாருன்னு நுழைஞ்சதுமே தெரிஞ்சுபோச்சு முதலாளி” என்றாள் ரோண்டா, தலை நிமிராமல். “நீங்க சீட்டை எடுத்ததைப் பார்த்துட்டுத்தான், கடையாவது பிழைக்கட்டும்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஆளுக்கொண்ணு போட்டு வைச்சிருக்கோம்.”