மூன்றாம் தரம்

ஓய்வுபெற்ற நீதிபதி தெய்வசிகாமணியின் தீர்ப்புகள் சில, சட்டக் கல்லூரியில் இன்றும் பாடம். அவர் மனதைவிட்டுப் போகாத வழக்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. முன்சீப்பாகச் சேர்ந்த முதல் வருடம். கோர்ட்டுச் சேவகரான டவாலி வாசலில் நின்று, “கூத்தபெருமாள்!” என்று வழக்கம்போல மூன்று தரம் கூவினார். ஆள் வரவில்லை. வராதவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தெய்வசிகாமணி தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மதியம் வெளியே வந்தால், வாசலை ஒட்டிய பெஞ்சில் தகர டப்பாவை மடியில் வைத்திருந்த ஒரு கிழவர் எழுந்து கும்பிட்டார்.

“இவர்தாங்கய்யா கூத்தபெருமாள். காது சுத்தமா கேக்காதாம். காலையிலேருந்து இங்கயேதான் உக்காந்திருக்காரு” என்றார் டவாலி.

“கையெழுத்து ஆயிடுச்சேப்பா” என்று சொல்லிவிட்டுத் தெய்வசிகாமணி சாப்பிடப் போனார். கிழவர் சிரித்த முகமாக மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

இன்று காது டாக்டரிடம் தெய்வசிகாமணி தனியாகத்தான் வந்திருக்கிறார். நர்ஸ் கதவைத் திறந்து, சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். சத்தம் எட்டவில்லை. ஆனால் அந்த உதடுகள் சொல்வது தன் பெயரைத்தான் என்று தெரிந்தது. எழுந்தால் நாலே எட்டு. இரண்டாம் தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள். அவர் மடியிலிருந்த ஃபைலை இறுகப் பிடித்தபடி, யாராவது வந்து தோளைத் தொடுகிறார்களா என்று உட்கார்ந்தே இருந்தார்.