கடை மூடும் பாட்டு

சுமிரேவின் கை என் கையில் இல்லை.

ஒரு நொடிக்கு முன்பு இருந்தது. சோற்று உருண்டை தின்ற, பிசுபிசுப்பான கை.

"ஃபுஜி மலை தெரியுது!" என்று யாரோ கத்தினார்கள். படம் எடுக்கலாமென்று போனைத் தூக்கினேன். இறக்கிப் பார்த்தபோது, தங்கச்சி நின்ற இடத்தில் ஒரு தாத்தா ஊன்றுகோலோடு நின்றிருந்தார்.

எனக்குப் பதினான்கு வயது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அப்போது அழுதுவிடப் பார்த்தேன்.

நாற்பத்தைந்தாவது மாடி, ஊரையே மேலிருந்து பார்க்கிற கூடம். டிக்கெட் கிடையாது. அதனால் டோக்கியோவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

"எங்க வேணா கூட்டிட்டுப் போ, ஷூஹெய். கையை மட்டும் விட்றாதே." வேலைக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னது அவ்வளவுதான்.

லிஃப்டுப் பக்கம் நின்ற காவல்கார அக்காவிடம் ஓடினேன்.

"என்ன போட்டிருந்தா?"

"மஞ்சள் தொப்பி."

லீவு நாளிலும் சுமிரே அந்தப் பள்ளிக்கூடத் தொப்பியைக் கழற்ற மாட்டாள்.

அக்கா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேறு ஏதோ ஒரு பள்ளியிலிருந்து பொடிசுகளைச் சுற்றுலா கூட்டி வந்திருந்தார்கள். சன்னலுக்குச் சன்னல் மஞ்சள் தொப்பிகள்; எங்கள் ஊரில் எல்லாப் பள்ளிப் பொடிசுகளுக்கும் அதே தொப்பிதான்.

"வேற ஏதாவது அடையாளம்?"

"முன்பல் ஒண்ணு இல்லை."

"இதுல பாதிக்கும் இல்லையே, தம்பி!" என்றார் பாவமாக. "பயப்படாதே. லிஃப்டுல தனியா எந்தக் குழந்தையையும் ஏத்த மாட்டோம்."

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? பெயரைச் சொல்லிக் கத்திப் பார்த்தேன். நடுவில், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று ஒரு பியானோ வைத்திருக்கிறார்கள். கோட் போட்ட ஒருவர் அதைப் போட்டு விளாசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் என் குரல் எங்கே கேட்கும்?

அவர் எழுந்தார். கைதட்டினார்கள். அடுத்த ஆள் உட்காருவதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன்.

என் வாழ்க்கையில் நான் வரிசையை மீறியது அதுதான் முதல் தடவை. காது இரண்டும் சுட்டது.

"தம்பி, வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?" இசைத்தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு அம்மாள் நின்றார்.

"ஒரே நிமிஷம், ஆன்ட்டி. தங்கச்சியைக் காணோம்."

"அதுக்குப் பியானோ எதுக்குடா?"

விளக்க நேரமில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. பள்ளி இசை அறையில் நானே ஒற்றை விரலால் தேடிக் கண்டுபிடித்தது. கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட்டால் போதும், வந்துவிடும். தொட்டேன்.

இரண்டாவது வரி வாசிக்கும்போதுதான், என்ன காரியம் செய்கிறேன் என்பது உறைத்தது.

இந்த நாட்டில் எந்தக் கடையிலும், ஷட்டரை இறக்கும் முன்பு போடுகிற பாட்டு அது. காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமலே கால் வாசலுக்கு நடக்கும்.

ஊன்றுகோல் தாத்தா கிளம்பினார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனைப் பைக்குள் போட்டார்கள். ஒரு காதல் ஜோடி, பார்த்துக்கொண்டிருந்த ஃபுஜிக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தது. பின்னால் நின்ற அம்மாள்கூட, "நேரமாயிடுச்சோ, சே," என்று தாள்களைச் சுருட்டினார்.

காவல்கார அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துக் குலுக்கினார்.

"ரெண்டு ரெண்டு பேரா கையைப் பிடிங்க!" என்று ஒரு டீச்சர் கத்தினார். மஞ்சள் தொப்பிகள் எல்லாம் வரிசையாக லிஃப்டை நோக்கித் திரும்பின.

அய்யோ! அவர்களோடு சுமிரேவும் இறங்கிப் போய்விட்டால்?

நிறுத்தவா? நிறுத்தவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன்.

அப்போது, வரிசையாகப் போகிற அத்தனை தொப்பிகளுக்கும் நடுவே ஒரே ஒரு தொப்பி எதிர்த்திசையில் வந்தது. முழங்கால்களை இடித்துக்கொண்டு, பைகளை விலக்கிக்கொண்டு, ஓடி ஓடி வந்தது. வாய் முழுக்கச் சிரிப்பு. முன்பல் ஒன்று இல்லை.

கட்டிப்பிடித்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, குனிந்து பியானோவுக்கு அடியில் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அண்ணா, எங்கே?"

அவள் தொப்பியை நேராக்கினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

காவல்கார அக்கா மூச்சிரைக்க வந்தார். "கூட்டத்தைக் கலைச்சா குழந்தை தனியா நிக்கும்னு யோசிச்சியா? கெட்டிக்காரன்டா நீ! இப்ப அத்தனை பேரையும் யார் திரும்பக் கூப்பிடுறது?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பின்னால் நின்ற அம்மாள் தாள்களை மறுபடி பிரித்து, துள்ளலாக ஒன்றை வாசித்தார். போனவர்கள் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்தார்கள்.

அதற்கப்புறம் சுமிரேவின் கையை நான் விடவேயில்லை. ரயிலில், தெருவில், எங்கள் வீட்டருகே சூப்பர் மார்க்கெட்டின் ரொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிற பெஞ்சிலும்கூட. சாயங்காலமானால் நாங்கள் வழக்கமாக உட்காருகிற பெஞ்சு அது.

கடை மூடும் பாட்டைப் போட்டார்கள். கூடைகளை வைத்துவிட்டு எல்லோரும் வாசலுக்கு நடந்தார்கள். சுமிரே துள்ளி எழுந்தாள்.

எதிர்த்திசையிலிருந்து, கடை ஏப்ரனை அவிழ்த்தபடி, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அம்மா வந்தாள், தினமும் வருவது போல.

"நாள் எப்படிப் போச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுமிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மேல மாடியிலயும் பாட்டுப் போட்டாங்களே. நீ ஏன் வரலை?"