மாதிரிக் கல்லில் திருநீறு

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. செவ்வாய்க் கிரகத்துக் கல்லுக்குத் தப்பான பேர் வைத்த கதை ஒன்று சொல்கிறேன்.

"இந்தக் கல்லுல திருநீறு பூசுனது யாரு?"

பேராசிரியர் ரங்கராஜ் கேட்டதும் சாந்தாமணி விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். துடியலூர்ப் பக்கம் அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தைப் பதினோரு வருடமாகக் கூட்டித் துடைக்கிறாள். இன்னும் தற்காலிக வேலைதான்.

ஆராய்ச்சி மாணவி மோகனப்பிரியா தலைகுனிந்து நின்றாள்.

"செவ்வாயைச் சுத்துற செயற்கைக்கோள், அங்கத்த எரிமலைக் கல்லோட வெப்பக் கதிரை அளந்து அனுப்புது. அதை இங்கத்த எரிமலைக் கல்லான இந்த பசால்ட்டோட ஒப்பிட்டுத்தான் என்ன கல்லுன்னு சொல்றோம். இதோட துளைக்குள்ள சாம்பல் தங்கி அளவே மாறிப்போச்சு. ஆண்டிசைட்ங்கிற வேற வகை எரிமலைக் கல்லை பசால்ட்டுன்னு கட்டுரை எழுதியாச்சு. இப்ப வாபஸ் வாங்கணும்!"

போன ஆயுதபூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தவள் சாந்தாமணி. புதிதாக வந்த கல், சின்னப் பீடத்தில் சிவலிங்கம் போலக் கறுகறுவென்று உட்கார்ந்திருந்தது. சாமியைச் சும்மா விட மனசு வரவில்லை. மூன்று விரலால் பூசிவிட்டு, மறுநாள் துடைத்தும் வைத்தாள்.

"நிர்வாகம் பேர் கேக்குது. வேலையாள்னா நாளையிலிருந்து வரவேண்டாம்னுருவாங்க. மாணவர்னா ஒரு எச்சரிக்கையோட போயிரும்," என்றார் ரங்கராஜ், யாரையும் பார்க்காமல்.

சாந்தாமணி வாயைத் திறக்குமுன், "நான்தானுங்க சார்," என்றாள் மோகனப்பிரியா.

"நீயா அம்மணி? சாமி கும்புட்டுப் பட்டம் வாங்கப் பாத்தியாக்கும்?"

"ஆமாங்க சார்."

அவர் நிர்வாகம் அனுப்பிய தாளை எடுத்தார். அதில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் சாந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்கண்ணு இப்படிச் செஞ்சுபோட்டே? மூணு வருசப் பாடு போச்சுன்னு நீயே நொந்து கெடக்கறே."

"கல்லை மறுபடி அளந்துக்கலாங்க்கா. உங்களுக்கு மறுபடி வேலை கெடைக்குமாங்க?"

"பூஜை போட்ட அன்னிக்கு நீ சூலூர்ல உங்க ஊட்டுல இருந்தே. பொய்யின்னு சாருக்குத் தெரிஞ்சா உன்ற படிப்பு என்னாகும்?"

மோகனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாருக்குத் தெரியுமுங்க்கா. அன்னிக்கு என்ற லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டதே அவருதான்."

கேட்ட உங்க ஊட்டில் வேலைக்கும் சோற்றுக்கும் ஒருநாளும் குறை வராமல் இருக்கட்டும், கண்ணுகளா.