நீலப் பாட்டில்

டாக்டர் ஸ்ரீதர் லைனுக்கே வந்து தேவிப்பிரியா யார் என்று கேட்டபோது மாரிசெல்விக்கு வயிறு எரிந்தது.

இப்போது இதுவும் இவளுக்கா?

ஒரகடத்தில் கார் டேஷ்போர்டு வார்க்கிற கம்பெனி. மெஷின் துப்பும் சூடான பிளாஸ்டிக்கில் தேவிப்பிரியா பிசிறு வெட்டித் தள்ளுவாள். பக்கத்தில் நின்று மாரிசெல்வி லேபிள் ஒட்டுவாள். கோணலாகப் போனால் சூடு ஆறுவதற்குள் நகத்தால் மூலையைக் கிளப்பி, கிழியாமல் உரித்து, திரும்ப நேராக ஒட்டிவிடுவாள். அந்தக் கைப்பக்குவம் லைனில் வேறு யாருக்கும் கிடையாது.

அதற்காக அவளுக்கு யார் நீலப் பாட்டில் கொடுத்தார்கள்?

இரண்டு மாசத்துக்கு முன்னால் டாக்டரின் ஆட்கள் வந்தார்கள். வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் கிட்னி என்ன ஆகிறது, குடித்தால் என்ன மாறுகிறது என்று ஆராய்ச்சி. கேன்டீனில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பாதிப் பேருக்கு நீலப் பாட்டிலும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பத்து நிமிஷ பிரேக்கும். மீதிப் பேர் எப்போதும் போல வேலை பார்க்க வேண்டியது. செவ்வாய்க்கிழமையானால் எல்லாரும் காலை யூரினைப் பெயர் லேபிள் ஒட்டிய டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டியது. ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆள் வேண்டுமாம்.

மாரிசெல்வி ஒப்பிட்டுப் பார்க்கிற ஆள்.

பென்னலூர் ஹாஸ்டலில் இரண்டு பேருக்கும் ஒரே ரூம், ஒரே பக்கெட். ஆனால் மணி பத்து அடித்தால் தேவிப்பிரியா பாட்டிலை ஆட்டிக்கொண்டு நிழலுக்குப் போய்விடுவாள். மாரிசெல்வி பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், அவள் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும், சூப்பர்வைசர் வாட்சைப் பார்ப்பார். அந்த வம்பே வேண்டாமென்று அவள் காலையில் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வாள். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கையைத் தூக்கியதில்லை.

தண்ணீர் குடித்துக் குடித்து தேவிப்பிரியாவின் முகமே பளபளத்துவிட்டது. கன்னத்துப் பருவெல்லாம் எங்கே போனதோ. மாரிசெல்வியின் முகமோ விடிந்தால் கண்ணுக்குக் கீழே உப்பி, ராத்திரி பூராவும் அழுதவள் மாதிரி இருந்தது. ஒரு மாசமாக ஷூவும் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த மகாராணி மட்டும் ஷூவை உதறிவிட்டுக் காலை நீட்டி உட்காருகிறாள்.

குடிக்காமல் ஏமாற்றுகிறவர்களிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஹாஸ்டலில் ஒரு பேச்சு ஓடியது. யூரின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களாம்.

அதனால் டாக்டரைப் பார்த்ததும் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

பாட்டிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை யூரினைத்தான் முதல் தடவையாக முழு டெஸ்ட் பண்ணினார்களாம். அதில் புரோட்டீன் கன்னாபின்னாவென்று போகிறதாம், ரத்தமும் கலந்திருக்கிறதாம். இப்போதே மருந்து ஆரம்பித்தால் கிட்னியைக் காப்பாற்றிவிடலாம், விட்டால் ஒரு வருஷத்தில் டயாலிசிஸில் கொண்டுபோய் நிறுத்திவிடுமாம். இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமாம்.

ஷெட் வாசலில் மேனேஜரின் ஏசி கார் வந்து நின்றது. யாருக்கும் ஒரு ஸ்டூல்கூட நகர்த்திப் போடாத சூப்பர்வைசர், தேவிப்பிரியாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு நிமிஷம் அதையும் மாரிசெல்வியால் பார்க்க முடியவில்லை. ஒரே ஒரு நிமிஷம்தான். அதற்குள் டாக்டர் சொன்னது உள்ளே இறங்கிவிட்டது.

தேவிப்பிரியா கிளம்பும்போது நீலப் பாட்டிலை மாரிசெல்வியின் கையில் திணித்தாள்.

“இன்னாடி மாரி, மூஞ்ச இப்டி வெச்சினுகீற? நான் வர்ற வரிக்கும் இத்த நீ வெச்சிக்கோ. நல்லா குடி, இன்னா?”

பாட்டில் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

கார்க் கதவு சாத்திக்கொண்டது. சூப்பர்வைசர் திரும்பி வந்தார். கார் கேட்டைத் தாண்டிவிட்டால், அப்புறம் வேறு யாரையும் யாரும் தேடப் போவதில்லை.

மாரிசெல்வி கையைத் தூக்கினாள்.

சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார். பாத்ரூமா என்று கேட்டார்.

“இல்ல சார். அந்தக் காரை நிப்பாட்டச் சொல்லுங்க.”

எதற்கு என்றார் அவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஹாஸ்டல் பாத்ரூம் ஜன்னலில் இருந்த இரண்டு டப்பாக்களும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. இரண்டு பெயரும் கிழியாமல் வந்தன, இடம் மாறியும் நேராகத்தான் ஒட்டின.