கதவு சொன்ன மன்னிப்பு

குலதெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சேவல் திருடித் தண்டனை பெற்ற கொழுந்துவேல் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் கதவு, "சேவல் திருடியவர் வருகிறார்" என்று உரக்கச் சொல்லும். சட்டம் அப்படி. அதனால் அவர் எல்லார் வீட்டுக்கும் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தே போய்வந்தார். ஆனால் மகள் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோடு போகவேண்டும். தட்டோடு சுவர் ஏற முடியாது. மன்னிப்புக்கு மனுப் போட்டார், கிடைத்தும்விட்டது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றார். கதவு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சேவல் திருடியதற்காக மன்னிக்கப்பட்டவர் வருகிறார்" என்றது.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்துவேல் தட்டோடு கொல்லைப் பக்கம் பார்த்தார்.

"பேசாம சுவரே ஏறியிருக்கலாம்" என்று முணுமுணுத்தாள் கூட வந்த மனைவி.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "உள்ள வாங்க சம்பந்தி. எங்க வம்சத்துல எத்தனை பேரு ஜெயிலுக்குப் போயிருக்கோம், ஒருத்தனுக்காவது மன்னிப்பு கெடச்சிருக்கா? நீங்க பெரிய இடம்."

அன்றே தேதி குறித்தார்கள். கல்யாணத்தில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன், கோழிக்குழம்பு பிரமாதம்.

சேவல் திருடி உள்ளே போன கொழுந்துவேல் இன்றுவரை ஜெயிலை விட்டு வெளியே வரவேயில்லை.