இடுப்பு சொன்ன தேதி

குளியலறை வாசலில் அத்தை விழுந்து, முன்பே பொருத்தியிருந்த செயற்கை இடுப்பு மூட்டை ஒட்டிய எலும்பு முறிந்தபோது, மருமகள் பூங்கோதையை யாரும் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. ஈரத்தைத் துடைக்காமல் விட்டது அவள்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் நாள், அந்தச் செயற்கை இடுப்புக்குள் இருந்த சென்சார் தினமும் பதிந்து வைத்திருந்ததை டாக்டர் படித்துப் பார்த்தார்.

"விழுந்ததால உடையலம்மா. ரெண்டு மாசமா வலியே தெரியாம உள்ள சீழ் வச்சு எலும்பை அரிச்சிருக்கு. எலும்பு உடைஞ்சதாலதான் விழுந்திருக்காங்க. பழைய இடுப்பைக் கழட்டணும். ரெண்டு ஆபரேஷன்."

பூங்கோதைக்கு முதலில் வந்தது நிம்மதி. கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எதுக்குடி மூஞ்சத் திருப்பற?" என்றாள் அத்தை. "ரெண்டு நாளா வலிக்கிறப்பல்லாம் மனசுக்குள்ள உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். இனிமே வலிச்சா நான் யாரைத் திட்டுவேன்?"