திறக்காத ஜன்னல்

“நிறுத்து! மறுபடியும் திறக்கலையா?”

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

மேடையில் ஜன்னலைத் தள்ளித் தள்ளிக் கை சிவந்து நின்றாள் கதாநாயகி. ஆபீசில் டைப்பிஸ்ட். ஆபீஸ் நாடகத்தில் நடிக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருஷ ஆசை. இந்த வருஷம்தான் வேஷம் கிடைத்தது.

அந்தக் காலத்துச் சிறுகதை ஒன்றைத்தான் நாடகமாக்கியிருந்தார்கள். புருஷன் வெளியே பூட்டிக்கொண்டு போகிறான். இடி இடிக்கிறது. பெண்டாட்டி ஜன்னலைத் திறந்து குதித்துப் போய்விடுகிறாள். அதோடு திரை.

“ஜன்னல்னா பெண் விடுதலைம்மா! கதை எழுதினவர் சும்மாவா ஜன்னலை வெச்சார்? இடிச்சதும் பட்டுனு திறக்க வேணாமா? இன்னொரு தடவை சொதப்பினா வேஷம் வேற பொண்ணுக்குப் போயிடும், சொல்லிட்டேன்.”

“அவங்க மேல தப்பில்லை சார்,” என்றார் நாடகப் புருஷனாக நடிக்கும் கேஷியர். “ஜன்னல் செஞ்சது அவங்க வீட்டுக்காரர். நான் நாடகத்துலதான் பூட்டறேன். அவர் நிஜமாவே பூட்டறார்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்காரர் தச்சர். செட் போடுவது, திரை இழுப்பது, இடிச் சத்தத்துக்குத் தகரம் ஆட்டுவது எல்லாம் அவர் ஒருவர்தான். இந்த மேடையில் இன்றுதான் முதல் ஒத்திகை. காலையில் செட்டை நிறுத்தியதுமே, “கடைசியில அவ வாசல் வழியாப் போனா ஆகாதா சார்?” என்று கேட்டு, டைரக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கேஷியர் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“சார்! அந்தப் பக்கம் கொக்கி போட்டிருக்கு!”

அவளுக்கு அழுகை முட்டியது. ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

“நடிக்காதேன்னு வீட்லயே சொல்லியிருக்கலாமே! நாலு பேர் முன்னாடி இப்படியா மானத்தை வாங்குவீங்க?”

“இரு, இரு. வந்துட்டேன்.”

மூச்சு வாங்கும் குரல். கொக்கி கழன்றது. ஜன்னல் திறந்தது.

வெடுக்கென்று எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேடை ஜன்னலோடு முடிந்திருந்தது. அந்தப் பக்கம் ஆள் உயரப் பள்ளம், ஒரே இருட்டு. உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கி, இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றிருந்தார் அவர்.

“தகரத்தை ஆட்டிட்டு அந்தக் கோடியிலேர்ந்து இறங்கி ஓடி வர்றேன். அதுக்குள்ள நீ குதிச்சுட்டா யார் பிடிக்கறது? அதான் கொக்கி. வந்து நின்னுட்டுக் கீழேர்ந்து குச்சியால தட்டி விடலாம்னு பார்த்தேன், கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

“சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“காலையிலேர்ந்து சொல்லத்தான் வர்றேன். பேச விட்டாத்தானே?”

டைரக்டர் திரும்பித் தன் நாற்காலியைத் தேடினார்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

தூக்கிய கைகளை அவர் இன்னும் இறக்கவில்லை.

“சொன்னா பயந்துக்கிட்டே குதிப்பே. நீ ஒரு தடவையாவது பயமில்லாம குதிக்கறதைப் பார்க்கணும்னு இருந்துச்சு.”